சிறுநீரில் புரதம்: ஏன் வருகிறது, வீட்டில் எப்படிக் கவனிப்பது

வேறு எதற்கோ எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் "ஆல்புமின் 1+" என்று, அதாவது சிறுநீரில் கொஞ்சம் புரதம் கசிகிறது என்று, ஒரு வரி வந்திருக்கும். அதைப் பார்த்ததும் சிலர் சிறுநீரகமே போய்விட்டது என்று கலங்கிப்போகிறார்கள். வலி இல்லை, வீக்கம் இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ரிப்போர்ட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஒரே ஒரு முறை வந்த 1+ஐ வைத்துக் கலங்க வேண்டியதில்லை; அதை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் உள்ளே வைத்துவிடவும் கூடாது. சிறுநீரகம் பழுதுபடும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. புரதக் கசிவுதான் பலருக்கு அது காட்டும் முதல் அடையாளம், அதுவும் சிகிச்சை நன்றாகப் பலனளிக்கும் காலத்திலேயே. ஆகவே செய்ய வேண்டியது, மறுபடியும் பார்ப்பது. ஒரே வேளையில், ஒரே முறையில், தேதியோடு எழுதிவைத்துப் பார்ப்பது. அதை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறேன்.

புரதம் எப்படி வெளியேறுகிறது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஏறக்குறைய முழுவதையும் சிறுநீரகமே மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சுகிற ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீர். ரத்தத்தில் அதிகமாக இருக்கும் புரதமான ஆல்புமின் அளவில் பெரியது. வடிகட்டிச் சவ்வு ஒரு நல்ல சல்லடைபோல் அதைத் தடுத்துவிடுகிறது. தப்பித்தவறி நழுவும் கொஞ்சத்தையும் அடுத்துள்ள நுண்குழாய்கள் பிடித்துக்கொள்கின்றன. அதனால் நலமாக இருப்பவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு மொத்தப் புரதம் 150 மில்லிகிராமுக்குள்ளும், ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குள்ளும் அடங்கிவிடும்.

இந்த ஏற்பாடு மூன்று விதத்தில் கெடலாம். சல்லடை பழுதாகலாம், பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான். நுண்குழாய்கள் திரும்பப் பிடிக்கும் திறனை இழக்கலாம். அல்லது ரத்தத்திலேயே ஏதாவது சிறு புரதம் அளவுக்கு மீறிப் பெருகி வழியலாம். மூன்றாவது வகைக்கு உதாரணம் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். இதில் வெளியேறும் புரதத்தை, சிறுநீரில் முக்கி நிறத்தைப் பார்க்கும் சாதாரணச் சோதனைப் பட்டை கண்டுபிடிக்காது, ஏனென்றால் அந்தப் பட்டை ஆல்புமினுக்குத்தான் நிறம் மாறும். வயதானவருக்குக் காரணம் தெரியாத எலும்பு வலியும் ரத்தசோகையும் இருந்தால், "பட்டையில் ஒன்றுமில்லை" என்பதை வைத்து நிம்மதியடையக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வந்து போவதும் தங்கிவிடுவதும்

காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, நீர்ச்சத்துக் குறைவு, கடுங்குளிர், பெரிய அறுவைச் சிகிச்சையோ வேறு நோயோ தந்த உடல் நெருக்கடி ஆகியவற்றால் சில நாள் புரதம் வரலாம். காரணம் விலகியதும் அதுவும் போய்விடும். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது எடுத்த முடிவையும் அப்படியே நம்ப வேண்டாம். தொற்று குணமான பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

வளரிளம் பருவத்தினரிடம் ஒரு தனி வகை உண்டு. நின்று நடமாடும்போது புரதம் வெளியேறும், படுத்திருக்கும்போது நின்றுவிடும். இதை உறுதிசெய்வது எளிது. இரவு படுக்கப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். காலையில் எழுந்த உடனே, நடமாடத் தொடங்குமுன், முதல் மாதிரியை எடுக்க வேண்டும். சில மணி நேரம் நடமாடிய பிறகு இரண்டாவது. முதலாவதில் புரதம் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது என்றால் இந்த வகையாக இருக்கலாம். இது தீங்கற்றது, பெரும்பாலும் 30 வயதுக்குள் தானாகவே மறைந்துவிடும். ஆனாலும் மருத்துவர் வாயால் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தங்கிவிடும் கசிவுக்கான காரணங்களில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு. பல ஆண்டுகள் சர்க்கரை உயர்ந்தே இருந்தால் வடிகட்டிச் சவ்வு தடித்து, தன் தடுப்புத் திறனை இழக்கிறது. தொடக்கத்தில் கசிவு மிகச் சிறியது. சாதாரணப் பட்டைக்கு அகப்படாது. "யூரின் நார்மல்" என்று பல ஆண்டுகள் கேட்டுவந்தவருக்குத் திடீரென்று 2+ வருவதற்கு இதுதான் காரணம். அதனால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒரு முறை, முதல் வகையினர் நோய் தொடங்கி 5 ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, ஆல்புமினுக்கென்றே உள்ள ஆய்வகப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். மருத்துவர் எழுதித் தரவில்லையென்றால் தயங்காமல் நீங்களே கேளுங்கள்.

அடுத்தது உயர் ரத்த அழுத்தம். இதில் எது முன், எது பின் என்று பிரிப்பது கடினம்: அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, கெட்ட சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றுகிறது. வடிகட்டிகளையே நேராகத் தாக்கும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, லூபஸ் போன்ற நோய்கள், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. தொற்றுகள், உடல் பருமன், இதயச் செயலிழப்பு ஆகியவையும் காரணமாகலாம். இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. மூட்டு வலிக்கு, முதுகு வலிக்கு என்று கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டிய மருந்தாகவே நினைப்பதில்லை. சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

பட்டைப் பரிசோதனை புரதத்தின் செறிவைத்தான் காட்டும். பெரும்பாலான பட்டைகளில் 1+ என்றால் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம், 2+ என்றால் 100, 3+ என்றால் 300. அதற்குக் கீழே 'டிரேஸ்' என்று இருப்பது நூலளவு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும்; அதே அளவு புரதமே 2+ ஆகத் தெரியும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் இருக்கும் புரதமும் நீர்த்து, 'இல்லை' என்று வந்துவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகத்தான் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம், சுருக்கமாக ஏ.சி.ஆர்., என்ற பரிசோதனை இருக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேறும் கழிவு. சிறுநீர் நீர்த்தால் அதுவும் நீர்க்கும், அடர்ந்தால் அதுவும் அடரும். ஆகவே ஆல்புமினைக் கிரியாட்டினினால் வகுத்துவிட்டால் தண்ணீரின் விளையாட்டு விலகிவிடுகிறது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இயல்பு அல்லது இயல்பைவிடச் சற்றே கூடுதல். 30 முதல் 300 வரை மிதமான கசிவு. 300க்கு மேல் கடுமையானது. சில ஆய்வகங்கள் கிரியாட்டினினைக் கிராமுக்குப் பதிலாக மில்லிமோல் என்ற அலகில் கணக்கிட்டுத் தருவார்கள். அங்கே 3, 30 என்ற எல்லைகள். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு ரிப்போர்ட்டுகளை ஒப்பிடாதீர்கள்.

ஒரு முறை உயர்ந்தால் போதாது. 3 மாதங்களுக்கு மேலாக உயர்ந்தே இருந்தால்தான் அதை நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு என்று சொல்வார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டு உயர்ந்திருக்க வேண்டும்.

சில நேரம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து வரச் சொல்வார்கள். இதில் எல்லோரும் தடுமாறுவது தொடக்கத்தில்தான். முதல் நாள் காலை எழுந்ததும் கழிப்பதைச் சேகரிக்கக் கூடாது. அந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரு சொட்டும் விடாமல் சேகரித்து, மறுநாள் அதே நேரத்தில் கழிப்பதைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். நடுவில் ஒரு முறை மறந்து வெளியே கழித்துவிட்டால் கணக்குக் குறைந்துவிடும். மறைக்காமல் சொல்லி, மறுபடி தொடங்குவதுதான் சரி.

நுரையைப் பற்றியும் ஒரு சொல். வேகமாகக் கழித்தாலும், அடர்த்தியாக இருந்தாலும், கழிப்பறையில் சோப்புத் திரவம் மிச்சமிருந்தாலும் நுரைக்கும். அது சிறிது நேரத்தில் அடங்கும். அடங்காமல் தங்கும் நுரை, நாள்தோறும் வருகிறது என்றால் பரிசோதித்துப் பாருங்கள். நுரையே இல்லை என்பதனால் புரதமில்லை என்று ஆகிவிடாது.

வீட்டில் பட்டை வைத்துப் பார்க்கும் முறை

வீட்டுப் பட்டை நோயைக் கண்டறியும் கருவி அல்ல. தெரிந்த நோய் எப்படிப் போகிறது என்று கவனிப்பதற்கும், மருத்துவரிடம் போக வேண்டுமா என்று தீர்மானிப்பதற்கும் உதவுவது. அந்த எல்லையோடு பயன்படுத்தினால் மிக நல்ல துணை. எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். ஒரு நாளில் நாலைந்து முறை பார்ப்பதால் பதற்றம் கூடுமே தவிர, தகவல் கூடாது.

பட்டை இருக்கும் புட்டியிலிருந்து தொடங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். புட்டியைத் திறந்த தேதியை அதன்மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்று உறையில் போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். குளிர்பதனப் பெட்டியிலோ குளியலறையிலோ வைக்காதீர்கள். ஒரு பட்டையை எடுத்ததும் மூடியை உடனே அழுத்தி மூட வேண்டும். ஈரம் பட்ட பட்டை பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும், ஆனால் தவறான முடிவைத் தரும்.

மாதிரி, காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீராக இருக்கட்டும். முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம். ரத்தம் கலந்தால் புரதம் இருப்பதாகக் காட்டும். வெள்ளைப்படுதலும் விந்தும் கலந்தாலும் அப்படித்தான். பாத்திரத்தைத் தண்ணீரால் கழுவிக் காய வையுங்கள். கிருமிநாசினி வேண்டாம்: குளோர்ஹெக்சிடின் போன்றவற்றின் மிச்சம் பட்டையைப் பச்சையாக்கிவிடும். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள்.

சிறுநீர் புதிதாக இருக்கும்போதே பட்டையை முக்கி, ஒரு விநாடிக்குள் எடுத்துவிடுங்கள். அதிக நேரம் ஊறினால் பட்டையில் ஒட்டியிருக்கும், நிறம் மாறும் சிறு சதுரமான திட்டிலுள்ள வேதிப்பொருள் கரைந்துபோகும். எடுக்கும்போது பட்டையின் ஓரத்தைப் பாத்திர விளிம்பில் தேய்த்து, மிகுதியை வடியுங்கள். பிறகு கிடைமட்டமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் பல திட்டுகள் உள்ள பட்டையில் ஒன்றின் திரவம் மற்றொன்றில் இறங்கி நிறத்தைக் குழப்பும்.

இனி நேரம். புரதத் திட்டைப் பெரும்பாலான பட்டைகளில் 60 விநாடியில் படிக்க வேண்டும். உங்கள் புட்டியில் எழுதியிருப்பதே உங்களுக்குச் சட்டம். கைபேசியில் டைமர் வையுங்கள். காய்ந்த திட்டு மஞ்சளாக இருக்கும். புரதம் இல்லையென்றால் மஞ்சளாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் இளம்பச்சை சாயும், கூடக்கூடப் பச்சை அடர்ந்து நீலப்பச்சைக்குப் போகும். புட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் நிறக்கட்டங்களுக்குப் பக்கத்தில் பட்டையைப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மஞ்சள் விளக்கின்கீழ் 'இல்லை'க்கும் 'டிரேஸ்'க்கும் வித்தியாசம் தெரியாது. நேரம் தாண்டிப் பார்த்தால் நிறம் மாறிக்கொண்டே போகும். அந்த முடிவை எழுத வேண்டாம்.

சிறுநீரின் நிறத்தையே மாற்றும் மருந்து சாப்பிடும் நாட்களில் பட்டையை நம்ப முடியாது. அதிகக் காரத்தன்மையுள்ள சிறுநீரிலும் இல்லாத புரதம் இருப்பதுபோல் தெரியும்.

குறிப்பேடு

என்னைக் கேட்டால், பட்டையைவிடக் குறிப்பேடுதான் மதிப்பு மிக்கது. தேதி, நேரம், பட்டை காட்டிய அளவு, அன்றைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததா, மருந்தில் மாற்றம் உண்டா என்று ஒரு வரி போதும். அதோடு மூன்றைச் சேருங்கள்.

ஒன்று, ரத்த அழுத்தம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கைப்பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். அரை மணி நேரத்துக்குள் காப்பி குடித்திருந்தாலோ புகைபிடித்திருந்தாலோ காத்திருந்து பாருங்கள்.

இரண்டு, எடை. காலையில், சாப்பிடுமுன், அதே எடைக்கருவியில். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, தேங்கிய நீர்.

மூன்று, வீக்கம். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின்மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் நீர் கோத்திருக்கிறது. காலையில் இமைகள் உப்பியிருப்பதும் மாலையில் செருப்பு இறுகுவதும் இதே செய்திதான்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும்

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது புரதம் பெருமளவில் கசிந்து உடல் வீங்கும் நோய், உள்ள குழந்தையின் வீட்டில் பட்டைப் பரிசோதனை அன்றாட வேலை. காலையில் குழந்தையின் முகம் உப்பிப்போவது, முதலில் கண்ணலர்ஜி என்று நினைத்துத் தள்ளப்படுவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது. நோய் தெரிந்த பிறகு பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு எளிது. அடுத்தடுத்த 3 நாள் காலையில் 3+ அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் திரும்பியிருக்கிறது, மருத்துவரை அழையுங்கள். அடுத்தடுத்த 3 நாள் 'இல்லை' அல்லது 'டிரேஸ்' என்றால் அடங்கியிருக்கிறது. சளி, காய்ச்சல் நாட்களில் தவறாமல் பாருங்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் அப்போதுதான். பெரும்பாலான குழந்தைகள் ஸ்டீராய்டு மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படுகிறார்கள். ஆனால் அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. குழந்தைக்குக் காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி வந்தால் வயிற்றுக்குள் தொற்று இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

கர்ப்பகாலத்தில் 20 வாரத்துக்குப் பிறகு புதிதாகப் புரதம் வந்து, ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால், அது ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற, கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்தான நோயாக இருக்கலாம். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல், 160/110 அளவுக்கு அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த அறிகுறிகள் இருக்கும்போது பட்டையில் புரதம் இல்லை என்பது தைரியம் தராது. புரதம் இல்லாமலும் இந்த நோய் வரும்.

மற்றவர்களும் தாமதிக்கக் கூடாத நிலைகள் உண்டு. சிறுநீர் தேநீர் நிறத்திலோ சிவப்பாகவோ போவது, அளவு வெகுவாகக் குறைவது, முகமும் காலும் விரைவாக வீங்குவது. அதிகப் புரதம் இழப்பவர்களுக்கு ரத்தம் உறையும் வாய்ப்புக் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ அது அவசர நிலை.

உணவும் மருந்தும்

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அதாவது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பொட்டல உணவுகளில் மறைந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில்தான். புரதம் கசிகிறதே, நிறையப் புரதம் சாப்பிட்டு ஈடுகட்டலாம் என்று புரதப் பொடி வாங்குவது தவறு. அது வடிகட்டியின்மீது சுமையைக் கூட்டும். புரத உணவை முற்றிலும் விலக்கிப் பட்டினி கிடப்பதும் தவறு. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் கணக்கு வேறு. புகைபிடிப்பதை விட்டாக வேண்டும். சிறுநீரகத்தைச் சுத்தப்படுத்தும் என்று விற்கப்படும், உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத சூரணங்களை, தயவுசெய்து, தொடாதீர்கள்.

எனாலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளைப் பார்த்து, "எனக்கு பி.பி. இல்லையே" என்று சிலர் திகைக்கிறார்கள். இவை வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே குறைப்பதால் புரதக் கசிவு குறைகிறது, அதற்காகவும் தரப்படுகின்றன. தொடங்கிய சில வாரங்களில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்வார்கள், தவறவிடாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், இம்மருந்துகள் கருவுக்கு ஆகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களின் பட்டையில் சர்க்கரைத் திட்டு எப்போதும் நன்றாக நிறம் மாறும். அந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றித்தான் வேலை செய்கிறது. சர்க்கரை கட்டுமீறிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல.

மருந்து தொடங்கி வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்தே குறிப்பேட்டில் 2+ 1+ ஆகும், 1+ டிரேஸ் ஆகும். 'இல்லை' என்று வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அது மாத்திரையினால் வந்த 'இல்லை'. குறைக்கலாமா என்ற கேள்வியைக் குறிப்பேட்டோடும் புதிய ஏ.சி.ஆர். ரிப்போர்ட்டோடும் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.